வீட்டுக்காரர் பெயரில் ஒருவன்

சம்பந்தி வீட்டார் மதியம் இரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. காலை ஒன்பதே முக்காலுக்கு, கூடத்து நாற்பது அங்குலத் தொலைக்காட்சியில், மேலாடை என்று சொல்லத்தக்க எதையும் அணியாத ஒரு பெண் சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு ஜூராவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

ஜூராவின் கையில் எண்ணெயில் போட வேண்டிய போர்சோக் மாவு இருந்தது. அதோடு பாய்ந்து போய்த் தொலைக்காட்சியின் வயரைப் பிடுங்கினாள். பெரிய திரை இருண்டது. மேசைமேல் இருந்த கணினியின் சின்னத் திரையில் அந்தப் பெண் இன்னும் சுழற்றிக்கொண்டுதான் இருந்தாள். சன்னலை மூடினால் இரண்டு சன்னல் திறந்தது. இரண்டையும் மூடினாள். அரை நிமிடம் அமைதி. அப்புறம் அவளுடைய தங்கை மாதிரி இன்னொருத்தி வந்தாள், இன்னும் கொஞ்சம் சிக்கனமான உடையில்.

அடுக்களையில் மாமியார் ஊல்கான் எண்ணெய்ச் சட்டியோடு போராடும் சத்தம் கேட்டது. பக்கத்து அறையில் கல்யாணப் பெண்ணான நாத்தனார் பெகிமாய், தோழிகள் சூழத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். பெகிமாய்க்கு இன்று காதணி போட வருகிறார்கள். காதில் அது ஏறிவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண். மாப்பிள்ளை மைராம்பெக் வெளிநாட்டில், நோவோசிபிர்ஸ்கில் கட்டட வேலையில் இருக்கிறான். ஜூராவின் கணவன் அஸ்கத்தும் அவனும் ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள். இந்தச் சம்பந்தமே அந்த அறையில்தான் முளைத்தது. இருவருக்கும் இப்போது விடுப்பு கிடையாது. அதனால் மாப்பிள்ளை அங்கிருந்தபடியே கணினி வழியாக எல்லாவற்றையும் பார்ப்பான், சபை அவனைத் தொலைக்காட்சியில் பார்க்கும். இது ஜூராவின் மாமனார் செய்த ஏற்பாடு. மாப்பிள்ளையின் தலையைத் தட்டு அளவுக்குக் காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை வீட்டார் ஊரான கெமின் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா ஓரோஸ்பெக் லேசுப்பட்ட ஆள் இல்லை. போன வருடம் ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, தரையில் விரித்த விருந்துத் துணியைச் சுற்றி உட்காரும்போது யாரோ ரொட்டியைக் குப்புற வைத்திருந்ததைப் பார்த்தார். ரொட்டியைக் குப்புற வைப்பது அவர்களிடையே பெரிய அவமரியாதை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். குப்புறக் கிடந்த ரொட்டிக்கே அப்படி நடந்தவர், மல்லாந்து கிடக்கும் இந்தப் பெண்களைப் பார்த்தால் என்ன செய்வார் என்று யோசிக்க ஜூராவுக்குத் தெம்பு இல்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இதைக் கொண்டுவந்தது அவள்தான்.

மாமனார் தெளிவாகச் சொல்லியிருந்தார், நேற்றுப் பேசிப் பார்த்தாயிற்று, நன்றாக இருக்கிறது, இனி யாரும் அந்தப் பெட்டியில் கை வைக்க வேண்டாம் என்று. ஜூராவுக்குத்தான் மனசு அடங்கவில்லை. மாப்பிள்ளையின் படத்தைச் சுற்றிப் பூச்சட்டம் போட்டால் அழகாக இருக்குமே என்று காலையில் தேடினாள். இலவசம் என்ற பக்கம் வந்தது. அதில் பச்சைப் பொத்தான்கள் ஐந்து. பேருந்து நிலையத்தில் ஐந்து டாக்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் பெட்டியைப் பிடித்து இழுப்பதுபோல ஐந்தும் "இங்கே, இங்கே" என்றன. சந்தையில் இரண்டு வருடம் கைபேசி உறை விற்றவள் அவள். அதிகமாகக் கூவுகிறவனிடம் சரக்கு இருக்காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் மிகப் பெரிதாக இருந்த பொத்தானையே அழுத்தினாள். பூச்சட்டம் வரவில்லை. பூவை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு அல்ஃபியாவைக் கூப்பிட்டாள். தோக்மோக் சந்தையில் ஜூரா உறை விற்ற காலத்தில் பக்கத்துப் பெட்டிக்கடை அல்ஃபியாவுடையது. தாத்தார் இனத்துப் பெண். கைபேசி, கணினி எது கெட்டாலும் பிரித்து மேய்ந்துவிடுவாள். வாயும் அதே மாதிரி.

விவரத்தைக் கேட்டதும் அல்ஃபியா முதலில் சிரித்தாள். அப்புறம், இணைய வயரைப் பிடுங்கு என்றாள். திருடன் கடைக்குள் இருக்கும்போது பின்கதவையும் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதே என்றாள். ஜூரா பிடுங்கினாள். பெண்கள் வருவது நின்றது. அவர்கள் நின்றிருந்த இடத்தில் வெள்ளைப் பக்கமும், தொடர்பு இல்லை என்ற வாசகமும் மட்டும் வந்து வந்து போயின. கூப்பிட வாசல் இல்லாவிட்டாலும் உள்ளே இருந்தவன் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

"வந்து தூக்கிட்டுப் போயேன் அல்ஃபியா."

"ஞாயித்துக்கிழமைடி. கடைக்கு முன்னால பதினோரு பேர் நிக்கிறான். நீ தூக்கிட்டு வா."

பேருந்தில் நாற்பது நிமிடம், திரும்ப நாற்பது. சம்பந்தி வரும் நாளில் மருமகள் கணினியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் போனால் அதற்கு வேறு கதை கட்டுவார்கள். சரி, தொலைபேசியிலேயே சொல் என்றாள் ஜூரா.

அல்ஃபியா ஒன்றொன்றாகச் சொன்னாள். நிறுவிய நிரல்களின் பட்டியலைத் திற, தேதிப்படி அடுக்கு, இன்றைக்கு வந்தவன் எவன் என்று பார். மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தன் தேடித் தருகிறவன், ஒருத்தன் வானிலை சொல்கிறவன், ஒருத்தன் தள்ளுபடி பிடித்துத் தருகிறவன். பெயரெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி. நீக்கு என்றதும் தள்ளுபடிக்காரன் நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா, இருந்தால் இன்னும் தருவேனே என்று கெஞ்சினான். வாங்காமல் நகரும் ஆளின் சட்டைக்கையைப் பிடித்து இழுக்கும் கடைக்காரனேதான். ஜூரா மூவரையும் வெளியே தள்ளினாள்.

அடுத்து உலாவியின் சின்னம். அதன்மேல் வலது பக்கம் சொடுக்கி முகவரி வரியைப் படிக்கச் சொன்னாள் அல்ஃபியா. வரியின் கடைசியில், வால் மாதிரி, சூதாட்டப் பக்கத்தின் முகவரி ஒட்டியிருந்தது. உலாவியை எப்போது தொட்டாலும் நேராக அந்தக் கடைக்கே கூட்டிக்கொண்டு போவதற்கான வால். ஜூரா அதை வெட்டினாள். உலாவியைத் துடைத்துப் புதிதாக்கினாள். இணைய வயரைச் செருகினாள்.

மணி பத்தே முக்கால். அரை நிமிடம் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று. ஜூரா மூச்சை விட்டாள்.

மூன்று பெண்கள் வந்தார்கள்.

வயரைத் திரும்பப் பிடுங்கும்போது அவள் கண்ணில் வேறொன்று பட்டது. திரையின் தலையில் செருகியிருந்த கேமராவில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாரோடும் பேசும்போதுதான் அது எரியும். இப்போது யாரோடும் பேச்சு இல்லை.

ஜூரா மெல்லப் பின்வாங்கினாள். அந்த அறையில் அவள் காலையில் உடை மாற்றியிருந்தாள். மாமியாரும் பெகிமாயும் அந்தக் கேமராவுக்கு நேரே உட்கார்ந்து, காதணி எவ்வளவு பெறும் என்று குசுகுசுத்திருந்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் எந்த ஊரிலோ எவனோ ஒருவன் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. உள்ளங்கையில் இன்னும் ஒட்டியிருந்த போர்சோக் மாவைக் கிள்ளி, கேமராவின் கண்மேல் அழுத்தி ஒட்டினாள்.

"உலாவிய வேற பக்கத்துக்கு இழுக்கிற வழிமாத்தி மட்டும் இல்ல, கூடவே நல்லவன் வேஷத்துல நுழையற ட்ரோஜனும் வந்திருக்கு," என்றாள் அல்ஃபியா. இப்போது அவள் சிரிக்கவில்லை. "அந்த மூணு பேரும் கூலிக்கு வந்தவனுங்க. நீ தொரத்தத் தொரத்த திரும்பக் கூட்டிட்டு வர்றவன் ஒருத்தன் உள்ள உக்காந்திருக்கான். ஓடிட்டு இருக்கிற நிரல் பட்டியலத் தொற. ஒவ்வொரு பேரா படி. எது வீட்டாளு, எது வெளியாளுன்னு நான் சொல்றேன்."

ஜூரா படித்தாள். ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். அல்ஃபியா இடையிடையே வாடிக்கையாளர்களிடமும் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணே, அது ஒரிஜினல் இல்ல, ஒரிஜினலோட தம்பி, அதான் அந்த விலை. நீ படி ஜூரா, அது இருக்கட்டும், அடுத்தது.

பாதியில் ஒரு பெயர் வந்தது. ஜூராவின் நாக்கு அதைத் தொடாமல் அடுத்த பெயருக்குப் போயிற்று.

அவள் மறைக்க நினைக்கவில்லை. அது மாமனாரின் பெயர். தெமிர்பாய். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லுவதில்லை. அந்தப் பெயருக்குள் இருக்கும் சொல்லையும் சொல்லுவதில்லை. தெமிர் என்றால் இரும்பு. மாமனார் சந்தையில் இரும்பு அடுப்பும் புகைக்குழாயும் ஆணியும் விற்பவர். இரும்புக் கடைக்காரர் வீட்டுக்கு வந்து, இரும்பு என்ற சொல்லே இல்லாமல் இரண்டு வருடம் ஓட்டியிருந்தாள் ஜூரா. அடுப்பு, சட்டி, ஆணி எல்லாம் அவள் வாயில் 'கெட்டிச் சாமான்'. கடைக்குப் போய்க் கெட்டிச் சாமான் வேண்டும் என்று கேட்டு, பழைய காய்ந்த ரொட்டியை வாங்கி வந்ததும் உண்டு. இப்போதெல்லாம் அந்தப் பெயர் எழுத்தில் வந்தாலும் கண்ணே அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தவிர, அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? கணினி மாமனாருடையது. அஸ்கத் ஊருக்குப் போகும் முன் அவர் பெயரில்தான் எல்லாவற்றையும் அமைத்தான். முகப்பில் அவர் பெயரில் ஒரு மஞ்சள் கோப்புறை இருக்கிறது. வீட்டுப் படம், கல்யாணக் காணொளி எல்லாம் அதற்குள். சொந்தக்காரர் பெயர் சொந்தக்காரர் பெட்டியில் இருப்பதை யார் கேள்வி கேட்பார்கள்?

அல்ஃபியா இரண்டு பெயர்களைப் பிடித்தாள். நிறுத்து, துரத்து, அணைத்துவிட்டு மறுபடி எழுப்பு என்றாள். ஜூரா செய்தாள். எழும்பியதும் அந்த இரண்டு பேரும் புதுச்சட்டை போட்ட மாதிரி வேறு பெயரோடு பட்டியலில் இருந்தார்கள். வெள்ளைப் பக்கமும் வந்தது. இன்னொரு முறை செய்தாள். இன்னொரு முறை வந்தது. கணினியின் விசிறி வேகமாகச் சுழன்றது. உள்ளே இருப்பவன் அவசரப்படுகிறான் என்று ஜூராவுக்குத் தோன்றியது.

பன்னிரண்டரைக்கு ஊல்கான் கதவைத் திறந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்தாள், கேமராவில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தாள், பிடுங்கிப் போட்டிருந்த வயர்களைப் பார்த்தாள்.

"அத்தா போன்ல கூப்பிட்டாரு," என்றாள். அத்தா என்றால் அப்பா; அவள் சொன்னது ஜூராவின் மாமனாரை. "சம்பந்திக்காரங்க சீக்கிரமே கெளம்பிட்டாங்களாம். எதிர்கொண்டு கூட்டிட்டு வந்துட்டிருக்காரு. இன்னும் அரை மணிதான். நீ என்ன பண்ணிட்டு இருக்க கெலின்?"

மருமகளைக் கெலின் என்றுதான் கூப்பிடுவாள் ஊல்கான்; கோபத்தில் கத்துகிற மாமியார் இல்லை. வேலை செய்தபடியே, சாதாரணக் குரலில், ஒரே ஒரு சொல்லில் ஆளை வீட்டுக்கு வெளியே நிறுத்தக்கூடியவள். ஜூராவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. பூச்சட்டத்திலிருந்து ஆரம்பித்துப் பச்சை விளக்கு வரைக்கும் சொன்னாள். பெண்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊல்கான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எண்ணெய் வாசனை அடுக்களையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஏதோ தீய ஆரம்பித்திருந்தது.

"ஓரோஸ்பெக் முன்னால அது வந்துச்சுன்னா, நாளைக்குக் கெமின் முழுக்க நம்ம வீட்டுக்கு என்ன பேருன்னு தெரியுமா உனக்கு?" என்று மெல்லக் கேட்டாள். "இந்தப் பொண்ண அப்புறம் யாரு கேப்பா?"

மாப்பிள்ளையைக் காட்டாமல் விட்டுவிடலாமா என்று ஜூரா கேட்டாள். காட்டுகிறேன் என்று சொன்ன மனுஷர் அவர், காட்டாவிட்டால் மாப்பிள்ளைக்கு இஷ்டம் இல்லையோ என்று அங்கேயே பேச்சு வரும் என்றாள் மாமியார். ஆக, கணினி ஓட வேண்டும். அந்தப் பெண்கள் வரக்கூடாது. இருபத்தைந்து நிமிடம்.

காதோடு இருந்த கைபேசியில் அல்ஃபியாவும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சந்தைக்காரி. சரக்குக் கணக்கு இடித்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். மறுபடி முதலிலிருந்து படி, நான் ரசீதுப் புத்தகத்தில் கோடு போடுகிறேன் என்றாள். ஜூரா படித்தாள்.

"முப்பத்தேழு," என்றாள் அல்ஃபியா. "சன்னலுக்கு அடியில, இடது பக்கம், மொத்தம் எத்தனைன்னு போட்டிருக்கும். எவ்வளவு?"

ஜூரா பார்த்தாள். "முப்பத்தெட்டு."

"ஒண்ண முழுங்கிட்டியே. எது?"

ஜூரா பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள்.

"ஏ, எதுன்னு கேக்கறேன்ல."

"அது வெளியாளு இல்ல அல்ஃபியா. இந்த வீட்டுப் பெரியவரோட... அவரோட பேரு."

"அவர் பேர்ல நிரலா? உங்க மாமனாரு அடுப்பு விக்கிறாரா, மென்பொருள் எழுதறாரா?" அல்ஃபியாவின் குரல் தாழ்ந்தது. "பேருக்குப் பின்னால புள்ளி வெச்சு மூணு எழுத்து இருக்கா?"

இருந்தது. ஜூரா இத்தனை நேரமும் பார்க்காமல் சுற்றிப் போன இடத்தை இப்போது நேராகப் பார்த்தாள். தெமிர்பாய், புள்ளி, மூன்று எழுத்து. படமாக இருந்தால் அந்த எழுத்து வராது, உறையாக இருந்தால் எழுத்தே வராது. ஓடக்கூடியவனுக்கு மட்டுமே வருகிற மூன்று எழுத்து. காலையிலிருந்து அவள் மூன்று முறை பட்டியலைப் படித்திருக்கிறாள். மூன்று முறையும் அவன் அங்கே உட்கார்ந்து, அவள் தன்னைக் கூப்பிடமாட்டாள் என்று தெரிந்தவன் போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அல்ஃபியா விளக்கினாள். உள்ளே வந்தவன் முகப்பைப் பார்த்திருக்கிறான். மிகப் பெரிய உறை எது என்று பார்த்து, அதன் பெயரையும் முகத்தையும் தானே போட்டுக்கொண்டுவிட்டான். இந்த வகை இப்படித்தான் செய்யும். யாரும் வீட்டுக்காரரைப் போய் வெளியே போ என்று சொல்லமாட்டார்கள் அல்லவா?

விசைப்பலகையில் எஃப் எட்டு விசையை அழுத்திக்கொண்டு கணினியைப் பாதுகாப்பு நிலையில் எழுப்பச் சொன்னாள். அந்த நிலையில் அவன் தூங்குவான், அப்போது தூக்கிவிடலாம். திரை கறுப்பாக, பெரிய எழுத்துகளோடு எழுந்தது. முகப்பில் மஞ்சள் உறைகள் இரண்டு. இரண்டிலும் ஒரே பெயர். காலையில் ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது வந்ததை அவசரத்தில் ஜூரா கவனிக்கவில்லை. ஒன்றில் வீட்டின் எல்லாப் படமும் இருக்கிறது. இன்னொன்றில் அவன் இருக்கிறான். எது எது என்று வெளியே தெரியவில்லை. தொட்டுத் திறந்து பார்க்கவும் முடியாது, தொட்டால் விழித்துக்கொள்வான்.

"பொறந்த தேதியப் பாரு," என்றாள் அல்ஃபியா. "வலது பக்கம் சொடுக்கு. எப்ப உண்டாச்சுன்னு எழுதியிருக்கும்."

ஒன்று இரண்டு வருடத்துக்கு முன், அஸ்கத் கிளம்பிய மாதத்தில். இன்னொன்று இன்று, ஒன்பது மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு.

ஜூராவின் விரல் அந்த இரண்டாவதின்மேல் போய் நின்றது. அழி என்று கொடுத்தாள். கணினி கேட்டது:

'தெமிர்பாய்' நிரந்தரமாக அழிக்கப்படும். உறுதியா?

விரல் நகரவில்லை. காதணி போடும் நாளில், மாமனார் உயிரோடு, நெடுஞ்சாலையில் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போது, அவர் பெயரை நிரந்தரமாக அழிப்பதற்கு மருமகள் ஆம் என்று சொல்ல வேண்டும். பெயரை உச்சரிக்கவே கூடாதவள். வண்டிக்கு ஏதாவது ஆனால்? அப்படியெல்லாம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சுட்டியை விட்டுக் கையை எடுத்துவிட்டாள். ஊல்கான் பின்னால் வந்து நின்று எழுத்துகளை வாய்க்குள் கூட்டிப் படித்தாள். பெயர் வந்த இடத்தில் அவளுடைய உதடும் நின்றுவிட்டது. முப்பத்தாறு வருடமாக அவளும் அதைச் சொன்னதில்லை. பிள்ளைகளோட அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"அபா, நான் மாட்டேன்," என்றாள் ஜூரா மாமியாரிடம். கண்ணில் நீர் வந்துவிட்டது.

தெருக்கோடியில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி இல்லை, இரண்டு.

ஊல்கான் இன்னும் குனிந்து, தேதியை மறுபடி பார்த்தாள். எண்ணெய்க் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"இன்னிக்குக் காலைல ஒன்பதரைக்குப் பொறந்தவன் என் புருஷன் இல்ல," என்றாள். பிஸ்மில்லா சொல்லிவிட்டு, ஒற்றை விரலால், மாட்டுக்கு ஊசி போடுகிற மாதிரி பொத்தானைக் குத்தினாள்.

உறை மறைந்தது. வாசலில் வண்டிக் கதவுகள் அடுத்தடுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. ஊல்கான் எதிர்கொள்ள ஓடினாள். ஓடும் வழியில் விருந்துத் துணியில் இருந்த ரொட்டிகள் எல்லாம் நிமிர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே ஓடினாள். அல்ஃபியா சொல்லச் சொல்ல, கணினி எழும்பும்போது தானாக ஓடுகிறவர்களின் பட்டியலில் அவன் விட்டுப்போன சீட்டையும் ஜூரா கிழித்தாள். மிச்சமிருந்த இரண்டு பேரையும் துரத்தினாள். வெட்டின இடத்தில் மறுபடி முளைத்திருந்த வாலை மறுபடி வெட்டினாள். அணைத்து எழுப்பினாள். இணைய வயரைச் செருகினாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். வெளியே செருப்புகள் கழலும் சத்தமும், வாங்க வாங்க என்ற சத்தமும். மூன்று நிமிடம். யாரும் வரவில்லை.

தொலைக்காட்சி வயரைச் செருகித் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து வணங்கித் தேநீர் ஊற்றப் போனாள். கிண்ணத்தில் தேநீர் ஆடியது. சம்பந்தியம்மா, பாவம் பொண்ணு பயந்த சுபாவம் என்று ஊல்கானிடம் பாராட்டாகச் சொன்னாள்.

இறைச்சி வரும் முன்னே மாப்பிள்ளையைக் கூப்பிடலாம் என்றார் தெமிர்பாய். தன் வீட்டுக் குதிரையைச் சந்தையில் நடத்திக் காட்டுகிறவர் மாதிரி ஓர் ஓரமாக நின்றார். ஜூரா சொடுக்கினாள். கேமரா விளக்குப் பச்சையாக எரிந்தது. மணி ஒலித்தது. பெரிய திரையில் மைராம்பெக் வந்தான், முடிக்குத் தண்ணீர் போட்டுச் சீவி, தட்டளவு தலையோடு. பக்கத்தில் அஸ்கத். கூடமே ஆஹா என்றது. ஓரோஸ்பெக் தாடியைத் தடவிக்கொண்டு மகனுக்கு சலாம் சொன்னார்.

"அத்தா, சத்தம் கேக்குது," என்றான் மாப்பிள்ளை. "ஆனா ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டா இருக்கு."

வந்துவிட்டான். போகவே இல்லை. இருட்டுக்குப் பின்னால் அவன் இருக்கிறான், அடுத்து அந்தப் பெண்கள் வருவார்கள், நாற்பது அங்குலத்தில், ஓரோஸ்பெக்கின் மூக்குக்கு நேரே. ஓடிப்போய் வயரைப் பிடுங்கக் கால் எடுத்தாள். ஊல்கான் சால்வைக்குள்ளிருந்து அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து, தாடையால் கேமராவைக் காட்டினாள்.

மாவு. காலையில் ஒட்டியது, காய்ந்து அப்படியே இருந்தது.

சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஜூரா போய் அதை உரித்தாள். திரைக்கு அந்தப்பக்கம் மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஓரோஸ்பெக்கின் முகம் மலரவில்லை. அவர் ஜூராவின் விரல் நடுவில் இருந்ததைப் பார்த்தார்.

"அது என்னம்மா, மாவா?"

தெமிர்பாய் மனைவியைப் பார்த்தார்.

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு, சம்பந்தி," என்றாள் ஊல்கான், இமைகூட அடிக்காமல். "நல்ல காரியம் பாக்கப் போற கண்ண அது வரைக்கும் மூடித்தானே வைக்கணும். இந்த வீட்டுல அப்படித்தான்."

ஓரோஸ்பெக் அதை யோசித்தார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். தன் மனைவியிடம் திரும்பி, பாரு, இந்தக் காலத்திலும் இப்படி ஒரு வீடு என்றார். காதணிப் பொட்டலம் அவர் சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது. பெகிமாயின் காதில் அது ஏறும்போது நோவோசிபிர்ஸ்கில் யாரோ விசில் அடித்தார்கள், அஸ்கத்தாகத்தான் இருக்கும்.

எல்லாரும் போனபின், வெளிச்சம் மங்கும் நேரத்தில், தெமிர்பாய் கணினி மேசைக்கு வந்தார். தீய்ந்த போர்சோக் ஒன்றை மென்றுகொண்டே, கலைந்து கிடந்த வயர்களையும் மேசைமேல் சிந்தியிருந்த மாவுத் துகளையும் பார்த்தார். இருபது வருட வியாபாரி. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"இந்தப் பெட்டிக்கு இன்னிக்கு என்ன ஆச்சு கெலின்?"

"வெளியாளு ஒருத்தன் நுழைஞ்சுட்டான், அத்தா. வீட்டுக்காரர் பேரச் சொல்லிட்டு உள்ள உக்காந்திருந்தான். அபாதான் தொரத்துனாங்க."

"வீட்டுக்காரர் பேரா? என்ன பேரச் சொன்னான்?"

ஜூரா மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கூரையைப் பார்த்தாள். தெமிர்பாய் காத்திருந்தார். எதிராளி தானாக வாயைத் திறக்கும் வரை பேசாமல் காத்திருப்பதில் சந்தையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் இந்தப் பேரத்தில் அவர் விடியும் வரை நின்றாலும் இந்த இரண்டு பெண்களிடமிருந்து ஒரு சொல் பெயராது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. இருமி, தாடியைச் சொறிந்துகொண்டு, ஆட்டுக்குத் தண்ணி வைத்தாயிற்றா என்று கேட்டபடி வெளியே போனார்.

ஜூரா பட்டியலைத் திறந்து எண்ணினாள். முப்பத்தைந்து. கீழேயும் முப்பத்தைந்து. மறுபடி எண்ணினாள். நாளைக்கு வேறொரு கணினியில் உட்கார்ந்து கடவுச்சொல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று அல்ஃபியா சொல்லியிருந்தாள். ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை அவன் உள்ளே இருந்தான், எதையெல்லாம் கையோடு எடுத்துப்போனானோ தெரியாது.

கேமரா விளக்கு எரியவில்லை. ஜூரா அடுக்களைக்குப் போய், மிச்சமிருந்த மாவில் புதிதாக ஒரு கிள்ளு எடுத்துவந்து, அதன் கண்ணை மூடினாள்.